லாவெண்டர் கன்று

பிப்ரவரி கடைசி வாரம், திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி. மார்வா ஸ்கோகன் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தொட்டி நிறைய வெந்நீர் பிடித்தாள். பசுக்கள் கன்று போட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரமும் அவளுக்கு வாய்த்ததெல்லாம் காக்காய்க் குளியல்தான். கிறிஸ்துமஸுக்கு மகள் அனுப்பிய லாவெண்டர் எண்ணெய்ப் புட்டியை அன்றுதான் திறந்தாள். இரண்டு சொட்டு போதும் என்று புட்டியில் எழுதியிருந்தது. மூன்று வார அழுக்குக்கு இரண்டு சொட்டு எந்த மூலைக்கு? பாதிப் புட்டியைக் கவிழ்த்தாள்.

ஒரு காலைத் தண்ணீரில் வைத்தாள். அவ்வளவுதான், கதவு படாரென்று திறந்துகொண்டது. அவள் கணவன் எல்டன் நின்றான். மீசையெல்லாம் பனி, கை நிறைய ஒரு கறுப்புக் கன்று.

"நகரு, நகரு!"

"கதவைத் தட்டிட்டு வரணும்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையா?"

"ரெண்டு கையும் இதுல இருக்கு. எதால தட்டறது, தலையாலயா?"

சொல்லிக்கொண்டே கன்றைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டான். ஈரத் துணி மூட்டை போல அது சரிந்தது. மார்வா ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு தரையில் மண்டியிட்டு, கன்றின் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்தாள். வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே ஐஸாக இருந்தது. இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அந்தத் தொட்டியில் அவள் குளித்ததைவிடக் கன்றுகள் குளித்ததுதான் அதிகம். அதனால் கோபப்படக்கூட அவளுக்கு நேரமில்லை.

"யாரோட கன்னு இது?"

எல்டன் கையுறையைக் கழற்றினான்.

"எல்டன், கேக்கறேன்ல?"

"பட்டனோடது. பனியில போட்டுட்டு, திரும்பிக்கூடப் பாக்காம வந்துட்டா. இப்ப உன் சமையலறை ஜன்னல் முன்னாடி நின்னு உள்ளே எட்டிப் பாத்துட்டிருக்கா."

வியாழக்கிழமைக்கு மூன்றே நாள்தான் இருக்கிறது என்று மார்வா கணக்குப் போட்டாள்.

பட்டன் அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கிடாரி. இரண்டு வருடம் முன்பு தாய் செத்துப்போய், சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்பளத்தின் மேல் வளர்ந்தது. அவள் துணி உலர்த்தப் போனால் பின்னாலேயே போய் உள்பாவாடையைச் சப்பும். கோழிக்குத் தீவனம் போடப் போனால் வாளிக்குள் தலையை விடும். வீட்டுக்குள் விடாவிட்டால் ஜன்னலில் மூக்கை வைத்துக் கண்ணாடியை நக்கும். அந்தக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே மார்வாவின் ஒரு ஆயுள் போயிற்று. ஆனாலும் துடைக்கும்போது அவள் சிரித்துக்கொண்டுதான் துடைப்பாள்.

அந்த வியாழக்கிழமைக் கணக்குக்குக் காரணம் இருந்தது. வியாழன்தோறும் ஊரில் மாட்டுச் சந்தை. தன் கன்றைச் சேர்க்காத கிடாரி அடுத்து வரும் வியாழன் சந்தைக்குப் போகும் என்பது ஸ்கோகன் பண்ணையின் சட்டம். இருநூறு பசு இருக்கிற இடத்தில் ஒவ்வொரு கன்றுக்கும் மனிதர்கள் தாயாக முடியாது. சட்டம் போட்டது எல்டனின் அப்பா என்றாலும், போன வருடம் மூன்று கிடாரிகளை வண்டியில் ஏற்றும்போது வாசல் கதவைப் பிடித்துக் கொடுத்தது மார்வாவேதான். இப்போது போய், என் செல்லத்துக்கு மட்டும் விதிவிலக்கு என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பாள்?

அரைமணி நேரத்தில் கன்றுக்கு உயிர் வந்தது. முதலில் காதை ஆட்டியது, பிறகு கத்தியது, பிறகு தொட்டிக்குள்ளேயே சாணி போட்டது. மார்வா அதைச் சமையலறைக்குத் தூக்கி வந்து, துண்டால் தேய்த்து, தலைமுடி உலர்த்தும் மெஷினை வைத்து உலர்த்தினாள். பஞ்சு போல முடி குத்திட்டு நின்றது. காபி எடுக்க வந்த எல்டன் சட்டென்று நின்று மூக்கை உறிஞ்சினான்.

"இதென்ன வாசனை?"

மார்வா அவனைப் பார்த்தாள். அவன் கன்றைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. பசுவுக்குத் தன் கன்றை முகம் பார்த்துத் தெரியாது, மோந்துதான் தெரியும்.

"தொட்டியில என்ன இருக்குன்னு பாக்காம போட்டது யாரு?" என்றாள் மார்வா.

"தொட்டியைப் பூக்கடையாக்கி வெச்சது யாரு?"

"மூணு வாரத்துக்கு ஒரு நாள் மனுஷியா இருக்கலாம்னு நினைச்சேன், அது தப்பா?"

"தப்புன்னு நான் சொன்னேனா? நீயும் நல்லாத்தான் மணக்கறே. ஒரு கால் மட்டும்."

அவள் ஈரத் துண்டை அவன் மேல் விட்டெறிந்தாள்.

தொழுவத்தில் பட்டன் கன்றை ஒருமுறை மோந்து பார்த்தது. பெரிதாக ஒரு தும்மல் போட்டது. கன்று தள்ளாடித் தள்ளாடி மடியைத் தேடிப் போனதும் பின்னங்காலால் ஒரு உதை விட்டது. பிறகு, ஒன்றுமே நடக்காதது போல, மார்வாவின் அக்குளுக்குள் தலையைச் செருகிக்கொண்டு நின்றது.

வேறு வழியில்லாமல் பட்டனின் தலையை இரும்புச் சட்டத்தில் மாட்டி, எல்டன் சீம்பாலைக் கறந்தான். மார்வா அதைக் கன்றுக்குப் புகட்டினாள். கன்று பிழைத்துக்கொள்ளும், அதில் சந்தேகமில்லை. பட்டன்தான் பிழைக்குமா என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுவதும் வைத்தியம் நடந்தது. பனியில் உறைந்து கிடந்த நஞ்சுக்கொடியை எல்டன் தேடி எடுத்து வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் இறைச்சி வாட்டும் தட்டில் போட்டு அடுப்பருகே இளக வைத்தான். வேறு பாத்திரமே கிடைக்கவில்லையா என்று மார்வா கேட்டதற்கு, இதுதான் அளவாக இருந்தது என்றான். அதைக் கன்றின் மேல் தேய்த்தார்கள். லாவெண்டரும் நஞ்சுக்கொடியும் கலந்து எழுந்த வாசனையை விவரிக்க எந்த மொழியிலும் வார்த்தை இல்லை. பட்டன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

அடுத்து வெல்லப்பாகும் உப்பும் தடவினார்கள். பட்டன் வந்தது, நக்கியது, முதுகு, கழுத்து, காது என்று ஓரிடம் விடாமல் நக்கியது. மார்வா எல்டனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கடைசிச் சொட்டுப் பாகும் தீர்ந்ததும் பட்டன் கன்றை உதைத்தது.

"சாப்பிட்டதுக்கு நன்றி சொல்றா," என்றான் எல்டன்.

கடைசியாக நாய். நாயைக் கண்டால் எந்தப் பசுவும் கன்றை மறைத்துக்கொண்டு சீறும், வராத தாய்ப்பாசமும் வந்துவிடும். அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் பலித்த வித்தை இது. வீட்டு நாய் சார்ஜன்ட்டைக் கயிற்றில் கட்டி உள்ளே அழைத்து வந்தார்கள். ஆனால் பட்டனும் சார்ஜன்ட்டும் ஒரே கம்பளத்தில் படுத்து வளர்ந்தவர்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. பட்டன் நாயின் முகத்தை அன்போடு நக்க ஆரம்பித்தது. சார்ஜன்ட் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"பிள்ளையைத் தேர்ந்தெடுத்துட்டா. என்ன, வால் கொஞ்சம் சடையா இருக்கு," என்றான் எல்டன்.

மார்வாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கன்று பசியில் கத்தியது. அவள் புட்டியில் பாலை ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். கன்று வாயை வைப்பதற்குள் பட்டன் குறுக்கே பாய்ந்து அதைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, ஐந்நூறு கிலோ உடம்பை வைத்துக்கொண்டு, புட்டியின் ரப்பர் காம்பைத் தானே கவ்விச் சப்பத் தொடங்கியது. மேல்நோக்கிப் பார்த்த கண்ணில் அப்படியொரு நிம்மதி.

எல்டன் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. வேலியில் சாய்ந்தான்.

"மார்வா, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லித் தொலை."

"லாவெண்டர் இல்ல. நீதான்."

"நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. அவ அம்மா இங்கயே நின்னுட்டிருந்தா, அவ எப்படி அம்மா ஆவா? நீ இருக்கற வரைக்கும் அவ கன்னுக்குட்டிதான். வியாழன் வரைக்கும் இந்தப் பக்கம் வராத. குரல் கூடக் கேக்க வேணாம். நான் நாலு வேளையும் சட்டத்துல மாட்டிக் கன்னை ஊட்ட விடறேன். இவ பால் அது வயித்துல போகப் போக, அதுக்கும் இவ வாசனை வந்துரும்."

"வரலைன்னா?"

எல்டன் வேலியில் ஒட்டியிருந்த பனியைச் சுரண்டினான். "வரலைன்னா என்னன்னு உனக்கே தெரியும்."

மார்வாவுக்குச் சுருக்கென்று தைத்தது. புட்டியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே வர முயன்ற பட்டன் வேலிக் கம்பியில் மோதி நின்று கத்தியது. அவள் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அதனிடமே போயிருப்பாள்.

புதன்கிழமை அந்த வீடு கண்ட சுத்தத்தை அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் காணப்போவதில்லை. தொட்டியை மூன்று முறை தேய்த்தாள். இறைச்சித் தட்டைக் கொதிக்க வைத்தாள், பிறகு மனசு கேட்காமல் தூக்கிப் போட்டாள். ஃபிரிட்ஜில் வெண்ணெய் வைக்கும் இடத்தில் குடியேறியிருந்த தடுப்பூசி மருந்துகளைக் கீழ்த்தட்டுக்கு நாடு கடத்தினாள். சர்க்கரைக் கிண்ணத்துக்குள்ளிருந்து மாட்டுக் காதில் மாட்டும் நாலு எண் வில்லைகளை எடுத்தாள். பீன்ஸும் இறைச்சியும் போட்டுக் காரமாக ஒரு குழம்பு கொதித்தது. அதற்குத் தொட்டுக்கொள்ள லவங்கப்பட்டை ரொட்டிச் சுருள்கள் அடுப்புக்குள் உப்பின. வேறு ஊர்க்காரர்கள் காரத்தோடு இனிப்பா என்று முகம் சுளிப்பார்கள். அவர்கள் மாகாணத்தில் இரண்டையும் தனித்தனியாகச் சாப்பிடுகிறவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

நடுநடுவே தொழுவத்திலிருந்து பட்டன் கத்துவது கேட்டது. மார்வா ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். கோதுமை விலையும் வானிலை அறிக்கையும் வீடே அதிரக் கேட்டன. அதையும் மீறி அந்தக் குரல் வந்தது. ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் நக்கிய தடம் உறைந்து கிடந்தது. அதை மட்டும் அவள் துடைக்கவில்லை.

மத்தியானம் எல்டன் வந்து உட்கார்ந்தான்.

"குடிச்சுதா?"

"குடிச்சுது."

"அவ?"

"சட்டத்துல இருந்தா நிக்கறா. அவிழ்த்தா உதைக்கறா." ரொட்டிச் சுருளைக் குழம்பில் முக்கினான். "முன்ன மாதிரி பலமா இல்ல."

"பலமா இல்லைன்னா எவ்வளவு?"

"மார்வா, உதையை எடை போட எங்கிட்ட தராசு இல்ல."

மாலையும் அதே பதில்தான்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எல்டன் பிக்கப் வண்டியில் டிரெய்லரை மாட்டித் தொழுவத்து வாசல் வரை பின்னோக்கி ஓட்டி வந்து நிறுத்தினான். மார்வா படியில் நின்று பார்த்தாள். காற்று நின்றிருந்தது, கூரை ஓரத்திலிருந்து அந்த வருடத்தின் முதல் சொட்டு நீர் விழுந்துகொண்டிருந்தது.

"விடிகாலைலகூட உதைச்சா," என்றான் எல்டன். அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். "என்னால ஆனதைப் பண்ணிட்டேன்."

"தெரியும். ஏத்தறதுக்கு முன்னாடி நான் ஒருவாட்டி பாத்துட்டு வந்துடறேன். நீ இங்கயே இரு."

தொழுவத்துக்குள் நுழைந்து அடைப்பின் கதவைத் தள்ளினாள். பட்டன் மூலையில் நின்று வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. தலையை நிமிர்த்தியது. ஓடி வரவில்லை. கோபமாக இருக்கும், இரண்டு நாள் போகாமல் இருந்துவிட்டேனே என்று மார்வா நினைத்துக்கொண்டாள்.

"பட்டன், கண்ணு, என்னை மன்னிச்சுடு," என்றாள்.

கன்று சுவரோரம் படுத்திருந்தது. லாவெண்டர் போய் அதன் மேல் இப்போது சாணியும் பாலும் மணத்தன. வயிறு நிறைந்திருக்கிறதா என்று பார்க்கக் குனிந்து, அதன் விலாவில் கையை வைத்தாள்.

பின்னால் ஒரு உறுமல் கேட்டது. அடித்தொண்டையிலிருந்து வரும் உறுமல். வேறு எந்தப் பசுவிடம் அதைக் கேட்டிருந்தாலும் மார்வா ஒரே தாவலில் வேலிக்கு அந்தப் பக்கம் போயிருப்பாள். பட்டனிடமிருந்து வந்ததால் திரும்பி, "என்னடி?" என்று கேட்டாள்.

அவள் கேட்டு முடிப்பதற்குள் பட்டனின் தலை அவள் இடுப்பில் மோதியது. பலகையில் போய் விழுந்தாள். மூச்சு நின்றுபோயிற்று. நிமிர்ந்தால் இரண்டாவது முட்டு வரும் என்று தெரிந்ததால், ஐம்பத்துநாலு வயதில், வயிற்றால் ஊர்ந்து கீழ்ப்பலகைக்கு அடியில் புகுந்து வெளியே வந்து சேற்றில் கவிழ்ந்தாள்.

எல்டன் ஓடி வந்தான். "எலும்பு ஏதாவது போச்சா? மார்வா! பேசு!"

"முட்டிட்டா," என்றாள்.

"எங்க பட்டுது?"

"கன்னைத் தொட்டேன்னு என்னையே முட்டிட்டா, எல்டன்!"

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பலகை இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள். பட்டன் கன்றைத் தலையிலிருந்து வால் வரை மோந்து பார்த்தது. தொண்டைக்குள் மெல்ல முனகியபடி நக்க ஆரம்பித்தது. கன்று தட்டுத்தடுமாறி எழுந்து மடிக்குப் போனது. உதை விழவில்லை. மார்வாவுக்கு இவ்வளவு சந்தோஷம் வந்து பல வருடம் ஆகியிருந்தது. இனி சமையலறை ஜன்னலில் யாரும் மூக்கை வைக்கப் போவதில்லை என்பதும் அதே நேரத்தில் புரிந்தது, அது இடுப்பைவிட அதிகமாக வலித்தது.

"அப்ப டிரெய்லரைக் கழட்டிடட்டுமா?" என்றான் எல்டன்.

"கழட்டு. முதல்ல என்னைத் தூக்கி விடு."

தூக்கி நிறுத்தினான். அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, "பட்டன்," என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தாள்.

பட்டன் கன்றுக்கு முன்னால் வந்து குறுக்கே நின்றது. தலையைத் தாழ்த்தி, மூக்கால் சீறியது.

மார்வா, மற்ற இருநூறு பசுக்களுக்கும் கொடுக்கும் மரியாதையை அதற்கும் கொடுத்து, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள்.