பக்கத்தில் மனைவி, படிவத்தில் ‘இல்லை’

மூன்று வருட ஆய்வு மாசக் கடைசியோடு மூட்டை கட்டப் போகிறது. புகைப்பழக்கமும், சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும் ஒரு மரபணு மாற்றமும் கைகோத்துக்கொண்டால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் எவ்வளவு கூடுகிறது? ஆராய்ச்சிக்கூடத்தின் புள்ளிவிவரக்காரி எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் விடை சப்பென்றுதான் வந்தது.

“கல்லுல நார் உரிச்சது போதும்மா,” என்று தலைமை டாக்டர் கைகழுவிவிட்டார்.

நோயாளிகளோடு ஒப்பிட எடுத்த நோயில்லாதவர் பட்டியலுக்குக் கடைசி ஆளாக அவளுடைய அண்ணன் வந்தான், அண்ணியோடு. மரபணு சோதிக்க ரத்தம் கொடுப்பவர் மயங்கி விழுந்தால் பிடிக்க ஒரு துணை வேண்டும் என்பது அங்கே விதி. புகைப்பழக்கம் என்ற இடத்தில் அண்ணன் ஜம்மென்று ‘இல்லை’ எழுதினான். அண்ணி தண்ணீர் குடிக்க எழுந்ததும் இவள் பிடித்துக்கொண்டாள்.

“தினம் ஒரு பாக்கெட் ஊதறே! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியே அண்ணா!”

“மெதுவா பேசு! அவ பக்கத்துல உக்காந்திருக்கறப்ப வேற என்னத்த எழுதறது?”

அடடா! அவளுக்குப் பொறி தட்டியது. நோயாளியோ நல்ல உடம்புக்காரரோ, எல்லாரும் துணையோடுதான் எழுதியிருக்கிறார்கள். நாம போட்ட விதியே நம்ம தலையில மண்ணைப் போட்டிருக்கு!

பத்து நாள் தொண்டை வறள, ஒவ்வொருவரையும் தனியாகப் போனில் பிடித்துக் கேட்டாள். நூற்றெழுபது ‘இல்லை’ ‘ஆமாம்’ ஆனது. மறுபடி கணக்குப் போட்டாள். மரபணு மாற்றம் மட்டும் இருந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. புகை மட்டும் என்றால் ஆபத்து இரண்டு மடங்கு. இரண்டும் சேர்ந்தால் ஒன்பது மடங்கு!

நாற்காலி உருண்டு விழ, டாக்டர் அறைக்கு ஓடினாள்.

“மூடறதா? யாரு சொன்னா?” டாக்டரே துள்ளினார். “இரண்டும் இருந்தும் இன்னும் நோய் வராதவங்க பதினோரு பேர் இருக்காங்க. ஆபத்துன்னா சொல்லுங்கன்னு கையெழுத்துப் போட்டவங்க. இப்பவே கூப்பிடு!”

அந்தப் பதினோரு பேரின் போன் நம்பர் இருந்த ரகசியப் பட்டியலைத் திறந்து கொடுத்தார். மூன்றாவது போன் நம்பர் அவளுக்கு மனப்பாடம்.

“அண்ணா, கையில என்ன?”

“சும்மா... பேனா.”

“என்கிட்டயுமா?”

“...சிகரெட்.”

“கீழ போடு! அந்த மரபணு உனக்கு இருக்கு. நல்லவேளை, நோய் இன்னும் வரல. இன்னியோட நிறுத்திடு அண்ணா!”

போனில் செருப்பு தேயும் சத்தம்; சிகரெட்டை நசுக்கிவிட்டான். பிறகு சின்னக் குரலில் கேட்டான். “உங்க அண்ணிக்குத் தெரிஞ்சா திட்டியே தீத்துடுவாளே?”

“திட்டட்டும். நூறு வருஷம் உசுரோட இருந்து வாங்கிக்கோ!”