ஒரு வாளித் தண்ணீர்

பக்கவாதம் வந்து படுத்து எழுந்த பிறகு மாமனாருக்குப் பக்தி வந்துவிட்டது என்றுதான் பெனிஷாவும் நம்பினாள். காலையில் ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, சில நாள் சாயங்காலமும் ஜேசுராஜ் கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால், "மாதா கோயில் வரிக்கும் போய்ட்டு வந்துர்றேம்மா" என்பார். நாக்கு இன்னும் முழுசாகத் திரும்பாததால் சொற்கள் ஓரத்தில் மழுங்கியிருக்கும்.

வேலையில் இருந்த காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். கிறிஸ்துமஸ் பூசைக்கே பாதியில் வந்து, பிரசங்கம் ஆரம்பித்ததும் நழுவிப் போகிற ஆள். அப்படிப்பட்டவர் இப்போது வெயிலைக்கூடப் பார்க்காமல் கோயிலுக்கு நடக்கிறார். மாமியார் ஞானகுமாரிக்கு அதில் பெருமை பிடிபடவில்லை. "ஆண்டவர் ஒரு தட்டு தட்டினாத்தான் சில பேருக்குப் புத்தி வருது" என்று அண்ணனூர் ஸ்டேஷன் வரைக்கும் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெனிஷா தூத்துக்குடிப் பெண். ஃபெலிக்ஸைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் வேலை. பாதி நாள் வீட்டிலிருந்தே பார்ப்பாள். ஃபெலிக்ஸ் விடிந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவான். ஞானகுமாரி ஆவடியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்துவிட்டு சாயங்காலம் திரும்புவாள். பகலில் வீட்டில் இருப்பது மாமனாரும் மருமகளும்தான். இருவருக்கும் நடுவே மரியாதை நிறைய இருந்தது. பேச்சு அவ்வளவாக இல்லை.

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு கழிவறை. சில மாதங்களாக அது மந்தப்பட்டுக்கொண்டே வந்தது. பட்டனை அழுத்தினால் தண்ணீர் சோம்பலாக வழியும். கோப்பைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, போக மனமில்லாததுபோல் நிற்கும். டேங்க் நிரம்பக் காத்திருந்து இன்னொரு தரம் அழுத்த வேண்டும். ஒருநாள் காலை அவசரத்தில் ஃபெலிக்ஸ் உள்ளேயிருந்து கத்தினான். "இதுக்குள்ள டிஷ்யூ எல்லாம் போடாதீங்கன்னா கேக்கறீங்களா? அடைச்சிக்கிச்சு பாரு!" யாரையும் குறித்துச் சொல்லவில்லை. பெனிஷா தன் பங்குக்கு ஒரு வாசனை டப்பா வாங்கிச் சுவரில் மாட்டினாள். அதோடு எல்லாரும் அந்த மந்தத்துக்குப் பழகிக்கொண்டார்கள்.

அன்று மதியம் அவள் ஒரு மீட்டிங்கில் இருந்தபோது கோயிலில் கூட்டிப் பெருக்கும் ராஜகுமாரி போன் செய்தாள்.

"யம்மா, உங்க மாமனாரு இங்க வழுக்கி வுழுந்துட்டாரு. பயப்படாத, அடி ஒண்ணும் இல்ல. எய்ந்து குந்திகினு கீறாரு. நீ வந்து இட்டுகினு போ."

பெனிஷா லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். கோயிலுக்குள் யாரும் இல்லை. பின்புறம், கல்யாண மண்டபத்தை ஒட்டின படியில் ஜேசுராஜ் உட்கார்ந்திருந்தார். வேட்டி ஒரு பக்கம் முழுக்க ஈரம். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராஜகுமாரி அவளைத் தள்ளி அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினாள். "உங்க ஊட்ல பாத்ரூம் இல்லியா இன்னா?"

"இருக்கே. ஏன்க்கா?"

"டெய்லியும் வராரு. கோயிலுக்குள்ள ஒரு நாளும் வந்ததில்ல. நேரா பின்னால வந்து இங்க இருக்கிற கக்கூஸுக்குப் போயிட்டு, கையக் கால கழுவிகினு திரும்பிடுவாரு. நானும் கேட்டதில்ல. பெரிய மனுசன், இன்னான்னு கேக்கறது?"

பெனிஷாவுக்கு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் நினைவுக்கு வந்தது. தட்டில் பாதிச் சோறு மிச்சம் வைப்பது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர் சொல்லியும், டம்ளரை வாயில் நனைத்துவிட்டுக் கீழே வைப்பது. அதெல்லாம் நோயின் மிச்சம் என்று நினைத்திருந்தாளே! பஸ் ஓட்டுகிறவர்கள் அடக்கி அடக்கியே பழகிவிடுவார்கள் என்று அவர் எப்போதோ சிரித்துக்கொண்டு சொன்னது காதில் ஒலித்தது. சொந்த வீட்டிலும் மனிதர் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

அவரை ஆட்டோவில் ஏற்றி அழைத்துவந்தாள். வீட்டுக்கு வந்து வேட்டி மாற்றிக்கொண்டு உட்கார்ந்த பிறகு அவரே ஆரம்பித்தார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நான்தாம்மா அத்த அடச்சிட்டேன்."

"எதை மாமா?"

"கக்கூஸதான். எடது கை சுத்தமா வர்ல. சோறு துன்ற கையால கழுவ மனசு வர்ல. பேப்பரு வச்சித் தொடச்சிகினு இருந்தேன். கூடைல போட்டா நீங்கள்லாம் பாப்பீங்களேன்னு உள்ளியே போட்டுட்டேன். அப்பறம் ஃபெலிக்ஸு கத்துனான். அத்தோட நிறுத்திட்டேன். ஆனா அட்ச்சது அட்ச்சதுதானே? நான் போனா ஃபுல்லா போவாம நின்னுடுது. அட்த்து நீ போற. நீ அதப் பாக்கணுமா?"

இத்தனை நீளமாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. எழுந்து போய்க் கழிவறை விளக்கைப் போட்டாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அதன் வாசலில் கொண்டுவந்து போட்டாள்.

"இங்க வந்து உக்காருங்க மாமா."

"ஐயே, இன்னாம்மா இது? எம் மருமவ கக்கூஸ நோண்டறத நான் குந்தி வேடிக்க பாக்கணுமா? பிளம்பர் யூசுப்ப கூப்ட்டா வந்து பாக்கப் போறான்."

"யூசுப் அண்ணன் அப்புறம் வரட்டும். ஆபீஸ்ல நான் தினமும் பண்றது இதுதான். எது சரியா இருக்குன்னு ஒண்ணொண்ணா பாத்துத் தள்ளிட்டா, கோளாறு எங்கன்னு தன்னால தெரிஞ்சிரும்."

முதலில் டேங்க் மூடியைத் திறந்தாள். தண்ணீர் கோடு வரைக்கும் நின்றது. பட்டனை அழுத்தியபோது அடைப்பான் ஒழுங்காகத் தூக்கிக்கொண்டது. ஆனால் தண்ணீர் இறங்க நெடுநேரம் எடுத்தது. அவள் வாளியைக் குழாயடியில் வைத்து நிரப்பினாள். இடுப்பளவு தூக்கி, கோப்பையின் நடுவில் ஒரே மூச்சில் கவிழ்த்தாள்.

தண்ணீர் மளமளவென்று மேலே ஏறியது. ஜேசுராஜ் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த கணம் தொண்டையில் விழுங்குவதுபோல் 'களுக்' என்று ஒரு சத்தம். ஏறிய தண்ணீர் மொத்தமும் ஒரே இழுப்பில் உள்ளே போய்விட்டது.

"பாத்தீங்களா மாமா? கீழ அடைப்பு இருந்தா இவ்வளவு தண்ணியும் ஏறி நின்னிருக்கும். குழாய் நல்லாத்தான் இருக்கு. நீங்க போட்ட பேப்பர் எதுவும் அங்க நிக்கல."

அவர் கண்ணைத் திறந்து கோப்பையைப் பார்த்தார். நம்பாதவர்போல் கழுத்தை நீட்டினார்.

"இன்னொரு வாட்டி ஊத்து."

ஊற்றினாள். அதே சத்தம்.

"இன்னொரு வாட்டி."

மூன்றாவது முறையும் தண்ணீர் போனதும் ஜேசுராஜின் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த முகத்தில் இப்போதெல்லாம் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

"அப்ப நான் இல்ல" என்றார்.

"நீங்க இல்ல மாமா."

டேங்கில் தண்ணீர் இருக்கிறது. கீழே வழியும் இருக்கிறது. அப்படியென்றால் கோளாறு இரண்டுக்கும் நடுவில். பெனிஷா அவருடைய சவரக் கண்ணாடியை வாங்கி, கையுறை மாட்டிக்கொண்டு, கோப்பை விளிம்புக்கு அடியில் சாய்த்துப் பிடித்தாள். டேங்கிலிருந்து வரும் தண்ணீர் பாய வேண்டிய சின்னச் சின்ன ஓட்டைகள் அங்கே வரிசையாக இருந்தன. இருந்திருக்க வேண்டும். பெரும்பாலானவற்றைப் பழுப்பு வெள்ளையாகக் கல்போல் உப்பு மூடியிருந்தது. போர் தண்ணீரின் உப்பு. வாராவாரம் ஞானகுமாரி ஆசிட் ஊற்றித் தேய்ப்பது கண்ணுக்குத் தெரிந்த இடத்தைத்தான். விளிம்புக்கு அடியில் குனிந்து யார் பார்த்தார்கள்?

கண்ணாடியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஜேசுராஜ் வெகுநேரம் பார்த்தார். "ரேடியேட்டர்ல இப்டிதான் புடிக்கும்" என்றார்.

தண்ணீர் வரும் வால்வை மூடி டேங்கைக் காலி செய்தாள். சமையலறையிலிருந்த வினிகரை வெதுவெதுப்பாகச் சூடாக்கி, பழைய துண்டைக் கிழித்து அதில் நனைத்து, விளிம்புக்கு அடியில் சுற்றிலும் செருகினாள். புளித்த நெடி வீடெல்லாம் பரவியது. அது ஊறுகிற நேரத்தில், பாதியில் விட்ட மீட்டிங்குக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். பிறகு துணியை எடுத்துவிட்டு, ஒரு கம்பியால் ஓட்டை ஓட்டையாகக் குத்தத் தொடங்கினாள். முட்டை ஓடுபோல் சில்லுசில்லாக உதிர்ந்தது. சில ஓட்டைகள் பிடிவாதம் பிடித்தன; அவற்றுக்கு மறுபடியும் துணி. ஜேசுராஜ் தன் நல்ல கையால் செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோலத்தில்தான் ஞானகுமாரி வந்து பார்த்தாள். "இன்னா கூத்து இது? அவதான் சின்னப் பொண்ணு, உனுக்கு எங்க போச்சு புத்தி?" என்று புருஷனிடம் பாய்ந்தாள்.

பெனிஷா மாமனாரைப் பார்த்தாள். கோயில் விஷயத்தைச் சொல்வதானால் அது அவர் சொல்ல வேண்டியது.

ஜேசுராஜ் வெளிச்சத்தை இறக்கினார். "குமாரி, நான் கோயிலுக்குப் போவல. இத்தினி நாளும் அங்க கக்கூஸுக்குத்தான் போயினு இருந்தேன்."

ஞானகுமாரி கைப்பையை மாட்டியபடியே நின்றாள். மற்றதையும் அவர் மெல்ல மெல்லச் சொன்னார், கை வராதது, பேப்பர், எல்லாம். அவள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரில உனுக்கு நான்தானே எல்லாம் எட்த்தேன்? எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாய்யா உனுக்கு?"

பிறகு அவளே எழுந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "கம்பிய இப்டி குடு. நீ போய் மூஞ்சியக் கழுவு" என்று மருமகளின் பக்கத்தில் மண்டியிட்டாள். மிச்சத்தை இருவருமாகக் குத்தினார்கள்.

வால்வைத் திறந்து, டேங்க் நிரம்பக் காத்திருந்து, பட்டனை அழுத்தியது ஜேசுராஜ்தான். விளிம்பைச் சுற்றிலும் தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. ஒரு சுழற்சி, ஒரு விழுங்கல், கோப்பை சுத்தம். ஞானகுமாரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

இரவு ஃபெலிக்ஸிடம் பெனிஷா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அப்பாவின் அறை வாசல்வரை போய் நின்றான். மன்னிப்பெல்லாம் கேட்டுப் பழக்கமில்லாத பையன். "ஃபேன் ஜாஸ்தியா வெக்கட்டுமாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தான்.

மறுநாள் காலை பெனிஷா லேப்டாப்பைத் திறந்துகொண்டிருந்தபோது ஜேசுராஜ் மேஜையருகே வந்து நின்றார். எதையோ கேட்கத் தயங்கினார். நோயில் விழுந்த நாளிலிருந்து அவர் இந்த வீட்டில் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கக்கூஸ்ல கழுவறதுக்குத் தண்ணி பீச்சற பைப்பு எடது பக்கச் செவுத்துல கீதும்மா. எட்டல. இந்தக் கைக்கு வர்ற மாதிரி வலது பக்கம் மாத்திட்டா, பேப்பரே வாணாம். நானே பாத்துப்பேன்."

"மாத்திரலாம் மாமா. எந்த உயரத்துல வேணும்?"

அவர் நல்ல கையை நீட்டிக் காற்றில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். பெனிஷா எழுந்து, அவரோடு கழிவறைக்குள் போய், அந்தச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். பிறகு யூசுப்புக்குப் போன் செய்தாள்.