எம்மெட் காட்டிய ரைஃபிள்

சனிக்கிழமை மதியம் எங்கள் சமையலறையில் ஒரு வாசனை இருக்கும். துப்பாக்கிக் குழலைத் துடைக்கிற எண்ணெயின் வாசனை. கொஞ்சம் வாழைப்பழம், கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்த மாதிரி. எம்மெட்டைக் கட்டிக்கொண்ட புதிதில் அது எனக்குத் தலைவலி கொடுத்தது. பிறகு பழகிப்போய், அது வந்தால்தான் வாரம் முடிந்தது என்று தோன்றும் அளவுக்கு ஆகிவிட்டது.

இந்த வருஷம் குளிர் முடிவதற்குள் அந்த வாசனை நின்றுபோனது. ஆனால் எம்மெட் கிளப்புக்குக் கிளம்புவது நிற்கவில்லை. வழக்கம்போல் ரைஃபிளைப் பையில் போட்டுக்கொண்டு காலையில் போனான், மதியம் திரும்பினான். எப்படிச் சுட்டாய் என்று கேட்டால், பரவாயில்லை என்பான். முன்பெல்லாம் இதே கேள்விக்குக் காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதிலிருந்து ஆரம்பித்து என் காபி ஆறுகிற வரைக்கும் பேசுவான்.

நான் ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்தவள். என் முதல் புருஷன் பௌலிங் விளையாடப் போவதாகச் சொல்லிவிட்டு, பல வருஷம் வேறொரு வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான். அவனுடைய பௌலிங் ஷூ புதுசு மாறாமல் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அதனால் ஐம்பது வயதுக்கு மேல் எம்மெட்டைக் கல்யாணம் செய்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். எங்கே வேண்டுமானாலும் போ, போகிற இடத்தை உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டுப் போ. இல்லையென்றால் நான் எரீ நகரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வர மாட்டேன். அவன் சிரிக்காமல் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அவன் திரும்பி வந்து குளிக்கப் போனதும் அவனுடைய தோட்டாப் பெட்டியைத் திறந்தேன். எம்மெட் கடைத் தோட்டா வாங்க மாட்டான். சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி வந்து, நிலவறையில் உட்கார்ந்து, திரும்ப வெடிமருந்து அடைத்துக்கொள்வான். எங்கள் ஊரில் அப்படிச் செய்கிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. சுட்ட கூட்டைப் பெட்டியில் தலைகீழாகத்தான் செருகுவார்கள். எது சுட்டது, எது சுடாதது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

பெட்டியில் ஒன்றுகூடத் தலைகீழாக இல்லை.

மூடி வைத்துவிட்டு உருளைக்கிழங்கை உரிக்கத் தொடங்கினேன். 

அன்று இரவுச் சாப்பாட்டில் வதக்கிய முட்டைக்கோஸும் நூடுல்ஸும் போட்டுவிட்டு, நானும் இலக்குச் சுடுதல் கற்றுக்கொள்ளப் போகிறேன், ஒரு ரைஃபிள் வாங்க வேண்டும் என்றேன். சனிக்கிழமைகளில் கூடவே வருவதாகவும் சொன்னேன். முள்கரண்டி பாதி வழியில் நின்றது. உனக்கு எதற்கு இந்தச் சத்தமெல்லாம் என்றான். காது வலிக்கும் என்றான். கிளப்பில் பெண்களுக்குக் கழிப்பறை சரியில்லை என்றான். கழிப்பறை கட்டப் பணம் திரட்டி மீன் வறுவல் விருந்து நடத்தியதே நான்தான் என்று ஞாபகப்படுத்தினேன். அதன் பிறகு அவன் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

ஓரினின் துப்பாக்கிக் கடை டவுனுக்கு வெளியே, மரம் அறுக்கும் மில்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் கேட்பதற்கு முன்பே எம்மெட் நேராகப் போய் ஒரு ரைஃபிளை எடுத்து என் கையில் கொடுத்தான். மலையேறி மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கான மெல்லிய துப்பாக்கி. எடையே இல்லை. காலிபர், அதாவது குழலின் துளை அளவு, முன்னூற்றெட்டு; பெரிய தோட்டா.

"பாரு, இறகு மாதிரி இருக்கு. உன் கைக்கு இதான் தோது," என்றான்.

 இதே எம்மெட் என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறான், இதே துப்பாக்கியை மனைவிக்கு வாங்கிக் கொடுக்கிற ஆண்களை. கையில் லேசாக இருக்கிறதே, பெண்ணுக்குச் சரியாக இருக்கும் என்று நினைப்பார்களாம். துப்பாக்கி எவ்வளவு லேசோ, அவ்வளவு உதைக்கும். அந்தப் பெண் ஒரு தடவை சுடுவாள், தோள் கன்றிப்போகும், அதோடு கிளப் பக்கமே வர மாட்டாள். அடுத்த வாரம் கிளப் சுவரில் விற்பனைச் சீட்டு ஒட்டியிருக்கும். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பான்.

தெரியாமல் செய்கிறவன் இல்லை இவன். நான் ஒரே ஒரு தடவை சுட்டுவிட்டு வீட்டோடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறான்.

ஓரின் கண்ணாடிக்கு மேலாக எம்மெட்டைப் பார்த்தான். "ஏம்ப்பா, வீட்டம்மாகூட ஏதாவது சண்டையா?"

எம்மெட் ஜன்னலைப் பார்த்தான்.

ஓரின் என்னிடம் என்ன சுடப்போகிறேன் என்று கேட்டான். மானா, இலக்குத் தாளா? தாள்தான் என்றேன். அப்படியானால் பாயிண்ட் டூ டூ என்கிற சின்னக் காலிபரில் ஆரம்பி என்றான். உதையே இருக்காது, சத்தம் குறைவு, தோட்டா மலிவு, நாள் பூராவும் சுட்டுக்கொண்டே இருக்கலாம், தப்பு எங்கே என்று தாளிலேயே தெரிந்துவிடும். பெரிய காலிபர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கனத்த குழலும் மரக்கட்டையுமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தான். தூக்கும்போது கை இறங்கியது. ஆனால் மேஜையில் சாய்த்துக் கன்னத்தை வைத்ததும் அது நகராமல் என்னோடு நின்றது.

"இது பிள்ளைங்க சுடுறது," என்றான் எம்மெட்.

"நானும் புதுசுதானே," என்றேன். "நீ ஏன் இப்படி வேர்த்துக்கிட்டு நிக்கிற?"

அந்தப் பாயிண்ட் டூ டூவையே வாங்கிக்கொண்டு வீடு வந்தோம். அந்த வாரம் முழுக்க அவன் என்னிடம் மிக மரியாதையாக நடந்துகொண்டான். பாத்திரம் கழுவினான், கேட்காமலே கார் டயருக்குக் காற்றடித்தான். அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. என் முதல் புருஷனும் கடைசி மாதங்களில் நிறையப் பாத்திரம் கழுவினான். துணிப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் தூசி தட்டி வைத்தேன்.

சனிக்கிழமை அவனுடைய வண்டியில் அவனுக்கு முன்பே ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

கிளப் வாசலில் க்ளெண்டா நின்றிருந்தாள். சுடுகளத்துக்குப் பொறுப்பு அவள்தான். அவள் விசில் அடித்தால் ஷெரிஃப்கூடத் துப்பாக்கியைக் கீழே வைப்பார்.

"அடடே, எம்மெட்டா? நீ செத்துட்டன்னு உன் நாற்காலிய வேற ஆளுக்குக் கொடுத்துட்டோமே," என்றாள். பிறகு என்னிடம், "ஏன்டி ரோசான், இவனுக்குத் தோள் வலி தேவலையா? பிப்ரவரியில டீம விட்டுப் போனவன், ஒரு போன் இல்ல."

எந்தத் தோள் வலி? ஐஸ் பை வைத்துக் கட்டியதாகவோ மாத்திரை கொடுத்ததாகவோ எனக்கு ஞாபகம் இல்லை. கிளப்பிடம் தோள் வலி, என்னிடம் கிளப். இரண்டு பொய்களுக்கு நடுவில் எத்தனை சனிக்கிழமைகள். நான் சிரித்துவிட்டு, தேவலை என்றேன். எம்மெட் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி மேஜைக்குப் போய்விட்டான்.

க்ளெண்டா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். கட்டையைத் தோளில் பதிய வை, மூச்சை விடு, விசையை மெதுவாகப் பிழி. சில தோட்டாக்கள் போனதும் என்னைத் திரும்பச் சொன்னாள். எனக்குத் தெரியாமல் அவளே உள்ளே போடுவாளாம், நிஜத் தோட்டாவோ சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கூடோ. வெடிக்கும் என்று பயந்திருந்தால், வெற்றுக் கூட்டில் குழல் முனை தானாகக் கீழே குனியும். வெடிக்கிற சத்தத்தில் மறைந்துபோவது அப்போது தெரிந்துவிடும். நான் பிழிந்தேன். டிக் என்றது. குழல் அசையவில்லை.

"நல்ல காலம், கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு, மறுகோடியில் யாரோ காது மூடி இல்லாமல் நிற்பதைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனாள்.

எம்மெட் இன்னும் தன் பையைத் திறக்கவில்லை. அவனை அழைத்து, என் ரைஃபிளில் ஒன்று சுடச் சொன்னேன். பிறகு என்றான். இப்போது என்றேன். எனக்குக் காட்டிக்கொடு, நீதானே இருபது வருஷமாகச் சுடுகிறவன் என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, உட்கார்ந்தான்.

முகத்தைத் திருப்பச் சொல்லிவிட்டு, வெற்றுக் கூட்டைப் போட்டு மூடினேன்.

அவன் கன்னத்தைக் கட்டையில் வைத்தான். வெகுநேரம் பிழியவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. பிழிந்தபோது, யாரோ குழலை மிதித்தது போல அது ஒரு சாண் கீழே குனிந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன. ஒன்றுமே வெடிக்கவில்லை.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு நடந்ததைச் சொன்னான். பிப்ரவரியில் ஒரு நாள் தனியாக வந்து சுட்டபோது, பலமுறை மருந்தடைத்த பழைய கூடு ஒன்று பின்பக்கம் பிளந்து, புகை அவன் முகத்தில் அடித்ததாம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் காயம் இல்லை. அதிலிருந்து விசையில் விரல் வைத்தாலே, வெடிப்பதற்கு முன்பே உடம்பு பயந்து முந்திக்கொள்கிறதாம். டீம் போட்டியில் ஒரு குண்டு தரையில் போய் விழுந்திருக்கிறது. வெயில் கண்ணில் பட்டது என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவன், மறுநாள் தோள் வலி என்று போன் செய்துவிட்டான்.

"அப்போ சனிக்கிழமைல எங்க போன?"

"அணைக்கட்டுக்கு. வண்டிய நிறுத்திட்டு மீன் சாண்ட்விச் சாப்பிடுவேன்."

"யாரோட?"

"ரேடியோவோட. பேஸ்பால் கமென்ட்ரி."

நான் அவன் முகத்தையே பார்த்தேன். சொன்னதை மட்டும் வைத்து நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அந்தக் குழல் குனிந்ததை எந்த மனுஷனாலும் நடிக்க முடியாது.

"என் தோளக் கன்னிப்போக வைக்கப் பாத்த," என்றேன். "அத நான் சீக்கிரம் மறக்க மாட்டேன், எம்மெட்."

"தெரியும்." ரைஃபிளை மேஜையில் வைத்துவிட்டு, "நீ எரீக்குப் போயிடுவியோன்னுதான் சொல்லல. சொல்லாம விட்டதே தப்பாப் போச்சு. அப்புறம் எந்த வாரம் சொல்றதுன்னு தெரியல," என்றான்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனால் தூசி தட்டி வைத்த துணிப்பெட்டியை நினைத்துப் பார்த்தபோது, அதை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மீன் சாண்ட்விச் சாப்பிட்டான் என்றா?

திரும்பு என்றேன். திரும்பினான். உள்ளே ஒன்றைப் போட்டு மூடினேன்.

"எது போட்ட?"

"சொல்ல மாட்டேன். நீ நாலு மாசம் எங்கிட்ட சொன்னியா?"

அவன் சிரித்தான், தயக்கமாக. கன்னத்தை வைத்தான். டிக். குழல் குனிந்தது. மறுபடி போட்டேன், மறுபடி குனிந்தது. க்ளெண்டா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அடுத்த மேஜைக்குப் போனாள். தோட்டா நிஜமா வெற்றா என்று கேட்பதை அவன் எப்போது நிறுத்தினான் என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரு முறை, டிக் என்பதற்குப் பதிலாக மெல்லிய வெடிச்சத்தம் கேட்டது.

தொலைநோக்கியில் பார்த்தேன். கறுப்பு வட்டத்துக்கு வெகு வெளியே, தாளின் ஓரத்தில் ஓட்டை.

"எங்க போச்சு?" என்று கேட்டான்.

வீட்டுக்குப் போன பிறகும் எனக்கு அவன்மேல் சந்தேகம் கொஞ்சநாள் இருக்கும் என்று தெரியும். அதற்காக இந்தக் குண்டு எங்கே போனது என்பதில் நான் பொய் சொல்ல வேண்டியதில்லை.

"கீழ, இடது பக்கம்," என்றேன். "ஆனா தாள்லதான் இருக்கு. திரும்பு."