மாயக்காரன் என்ற சொல்

செங்கல்பட்டு சபைக்குப் போதகராக வந்த புதிதில் ஞானசிகாமணி ஐயருக்குத் தன் கிரேக்கப் படிப்பைக் காட்டிக்கொள்ள ஆசை அதிகம். ஐம்பத்து நாலாம் வருஷம், லெந்து எனும் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, இயேசு பரிசேயர் என்ற யூத மதத் தலைவர்களை மாயக்காரர், அதாவது போலி பக்தர், என்று கண்டித்த பகுதியைப் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்.

"மூலத்தில் உள்ள சொல் ஹுப்போகிரிட்டேஸ். அப்படியென்றால் யார் தெரியுமா? கூத்தாடி! மேடையில் வேஷம் கட்டுகிறவன்!"

சபை மொத்தமும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தது. அங்கே எல்லப்பன் உட்கார்ந்திருந்தார். படாளம் பக்கத்துத் தெருக்கூத்தில் பெயரெடுத்த துரியோதன வேஷக்காரர். போன கிறிஸ்துமஸுக்குத்தான் ஞானஸ்நானம் பெற்றிருந்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எல்லப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மனைவி தனகோடியோடு வெளியேறினார்.

அந்தச் சொல்லைச் சொன்னபோது எல்லப்பனின் நினைப்பே ஐயருக்கு இல்லை. சபை தன்னை மெச்சும் என்ற நினைப்புதான் இருந்தது.

மறுநாள் பஸ் பிடித்துப் படாளம் போனார். தனகோடிதான் வாசலுக்கு வந்தாள்.

"வாங்க ஐயரே. நேத்திலேர்ந்து சோறு துன்னல. ஐயரே இப்பிடிச் சொல்லிட்டாரேன்னு பொலம்பிகினு கீறாரு."

எல்லப்பன் எழுந்து நின்றார். "இன்னா ஐயா, கூத்து கட்டி வயித்தக் கழுவனது அவ்ளோ பெரிய பாவமா?"

"இல்லைங்க. நான் பாதிதான் சொன்னேன். கிரேக்கருக்கு அது வசவு இல்லை, நடிகனோட தொழில் பேரு. மேடையை விட்டு இறங்கின பிறகும் வேஷத்தைக் கலைக்காதவனைத்தான் இயேசு திட்டினாரு."

"நான் விடிஞ்சா அரிதாரத்தக் கழுவிட்றன் ஐயா."

"தெரியும். வர்ற ஞாயிறு பிரசங்கத்திலயே இதைச் சொல்லிடறேன்."

அந்த ஞாயிறு மதராஸிலிருந்து பேராயர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவர் முன்னால் தப்பை ஒப்புக்கொள்ள ஐயருக்கு வாய் வரவில்லை. வேறு எதையோ பேசி முடித்தார். பின்வரிசையில் எல்லப்பன் கடைசி வரை முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தார்.

ஆராதனை முடிந்து, வாசலில் பேராயர் ஐயரின் தோளைத் தட்டிப் பாராட்டிக்கொண்டிருந்தபோது எல்லப்பன் தனகோடியோடு கடந்துபோனார். "வர்றன் ஐயா" என்றார், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால்கூட ஐயர் தாங்கியிருப்பார். ஐயர் குரல் கொடுத்தார்.

"எல்லப்பன், நில்லுங்க!"

சனம் நின்றது.

"போன வாரம் நான் சொன்ன சொல் இவருக்கு இல்லை. நீங்க மெச்சணும்னு பேசின எனக்குத்தான். இன்னைக்கு மேடையில சொல்றேன்னு இவருக்கு வாக்குக் கொடுத்துட்டு, பயந்து முழுங்கிட்டேன். அதுக்கும் அதே பேருதான்."

பேராயர் தோளிலிருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டார். எல்லப்பன்தான் பதறினார்: "அய்ய, இன்னா ஐயா இது, இத்தினி பேரு எதிர்ல..."

தனகோடி அவர் கையைப் பிடித்தாள்.

"சொல்லட்டும், வுடு."