தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக் பற்றி ஒரு திருத்தம்

1

இந்தக் கதையை எழுத வைத்தவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். போன மாதம் அவரை அழைத்து, உங்கள் இதழில் வந்த என் கதைக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டேன். கட்டுரைக்குத் திருத்தம் போடலாம், கவிதையில் எழுத்துப்பிழை இருந்தால்கூடப் போடலாம், கதைக்கு எப்படிப் போடுவது என்று கேட்டார். கதையில் வருகிற ஆள் தப்பாகச் சொன்னால் அது அந்த ஆளின் தப்புதானே என்றார். அவன் வாயில் அதை வைத்தது நான்தான் சார் என்றேன். அப்படியானால் இன்னொரு கதை எழுதி அனுப்புங்கள் என்று போனை வைத்துவிட்டார்.

எழுதுகிறேன்.

முந்தைய கதையில் பல்சக்கரம் என்று ஒரு மெக்கானிக் வருவான். ஊரே அவனை அப்படித்தான் கூப்பிடும். காட்டுப் பாதையில் ட்ரக் ஓட்டும் ஒருவன், சக்கரம் சேற்றில் மாட்டாமலிருக்க என்ன செய்வது என்று அவனிடம் வந்து யோசனை கேட்பான். பல்சக்கரம் கையைத் துடைத்துக்கொண்டே சொல்வான்: “தானா பூட்டிக்கிற லாக்கைப் போடு. அப்புறம் நீ யோசிக்கவே வேண்டாம்.” அந்த வரியை எழுதிய அன்று எனக்கு அவ்வளவு பெருமை. இரண்டு வாசகர்கள் அதற்குக் கீழே கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. (இதை நாலாவது பகுதி வரை மறைத்து வைக்கலாம் என்று இருந்தேன். வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்.) லாக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பன்னிரண்டு நிமிட வீடியோ ஒன்றில் பார்த்தது. அதையும் முழுதாகப் பார்க்கவில்லை.

2

இந்தக் கதைக்கு முதலில் எழுதிய ஆரம்பம் இது: “மலை முகட்டில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தபோது ட்ரக் ஒரு காட்டு மிருகத்தைப் போல உறுமி—”

அடித்துவிட்டேன். என் அக்காவின் ட்ரக் உறுமாது, இருமும்.

இரண்டாவது: “பெண்கள் ஓட்டத் தயங்கும் பாதையில்—”

இதையும் அடித்துவிட்டேன். அவளுக்கு முன்னால் அந்தப் பாதையில் ஓட்டத் தயங்கி வேலையை விட்டுப் போனவர்கள் மூன்று பேருமே ஆண்கள்.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்கு நாற்பத்து நாலு வயது. மலைமேல் இருக்கும் செல்போன் டவர்களுக்கு டீசலும் பேட்டரியும் கொண்டுபோவது அவள் வேலை. ஒரு நடைக்கு முந்நூறு லிட்டர் டீசல், பீப்பாய்களில். ட்ரக் அவளுடைய சொந்த ட்ரக். நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் ஓட்டுகிறாள்.

போன மழையில் அந்த ட்ரக் சேற்றில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டது. ஒரு பின்சக்கரம் சேற்றில் சும்மா சுற்றியது. கெட்டித் தரையில் இருந்த மற்றொரு பின்சக்கரம் அசையவே இல்லை. அதற்குக் காரணம் டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது அதுதான். நல்ல சாலையில் அது உபகாரம். சேற்றிலோ, எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ சுற்று முழுவதும் அதற்கே போய்விடும். லாக் என்பது இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சேர்ந்து சுற்ற வைப்பது. அதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று தானாகப் பூட்டிக்கொள்ளும். மற்றது காற்றழுத்தத்தில் வேலை செய்யும்; அதை ஓட்டுகிறவர் பொத்தானை அழுத்திப் பூட்ட வேண்டும், பிறகு விடுவிக்க வேண்டும்.

எதைப் போடுவது என்று அக்கா நாலு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரியாது. என் கதைகளை அவள் படிக்கிறாள் என்பதும் தெரியாது.

3

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வாக்கில் மாமா அழைத்தார். அக்காவின் கணவர்; ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தமாகவே பேசினார்.

“மாப்ள, உன் கதையைப் படிச்சுட்டுத்தான் உங்கக்கா லாக்கு ஆர்டர் பண்ணினா. நேத்து மாட்டியாச்சு. இன்னைக்கு அதோடதான் மேல போயிருக்கா.”

இருபது வருடமாக எழுதுகிறேன். என் கதையைப் படித்து ஒருவர் ஒரு காரியம் செய்தார் என்று கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.*

* அந்தச் சந்தோஷம் சரியாக நாற்பது நிமிடம் இருந்தது.

இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். ஒரு எழுத்தாளரிடம் சொன்னால் பொறாமைப்படுவார். விஷயம் தெரிந்தவர் ஒருவர் பாராட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. மூன்று தெரு தள்ளி ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. இதழைச் சுருட்டிக்கொண்டு அங்கே போனேன்.

4

அங்கே இருந்த மெக்கானிக்கை எப்படி எழுதுவது என்பதில்தான் எனக்குச் சந்தேகமே. முதல் வரைவில் அவரை நிதானமான ஆளாக, குறைவாகப் பேசி நிறையத் தெரிந்தவராக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் பல்சக்கரமே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். உண்மையான மெக்கானிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஜீப்பின் அடியிலிருந்து எழுந்து வந்தார். நான் நீட்டிய பக்கத்தை வாங்காமல், நீயே படி என்று சைகை செய்தார்.

படித்தேன். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார். யார் இதைப் போட்டிருக்கிறார்கள், எந்த வண்டியில், என்ன பாதை, மேலே என்ன பாரம் என்று வரிசையாகக் கேட்டார். சொன்னேன். பாதையில் பக்கவாட்டுச் சரிவு உண்டா என்று கேட்டார். உண்டு, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம் என்றேன்.

ஒரு தகரத் தட்டை எடுத்தார். அதில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு நட்டு கிடந்தது. தட்டைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்தார்.

“ஈரச் சரிவுல ஒரு சக்கரம் வழுக்கினாலும் இன்னொண்ணு தரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். ரெண்டையும் பூட்டிட்டா ரெண்டும் சேர்ந்து வழுக்கும். அப்போ வண்டியோட பின்பக்கம் எங்க போகும்?”

நட்டு நகர்ந்து, விளிம்புக்கு வந்து, கீழே விழுந்தது.

சமதளச் சேற்றில் அது நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் சரிவில் அது எப்போது பூட்டும் என்பது ஓட்டுகிறவர் கையில் இல்லை, பழகாதவர்களைத் தூக்கிப் போட்டுவிடும் என்றார். பிறகு, இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் யாரையாவது கேட்கக்கூடாதா என்று கேட்டார். பல்வலியோடு கேட்டதால் அது திட்டு மாதிரி இருந்தது. திட்டாகவே இருந்திருக்கலாம்.

5

(இங்கிருந்து கொஞ்ச நேரம் கஷ்டமாக இருக்கும். நான் இதைச் சாய்ந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அக்காவை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி அழைத்தேன். நிறுவனத்தின் மேற்பார்வையாளருக்குப் போன் செய்து, மலைமேல் அவளிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார்: “டவர் வேலை செஞ்சா அவங்க ஏன் சார் அங்க போறாங்க?”

அவள் போய் டவருக்கு உயிர் கொடுத்தால்தான் அவளோடு பேச முடியும்.

வீட்டில் அம்மா பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் இதழை எடுத்து அந்த வரியைக் கண்டுபிடித்து, பேனாவால் அழுத்தி அடித்தேன். இரண்டாயிரம் பிரதிகள் போகும் இதழ் அது. ஒரே ஒரு பிரதியில் அடித்துவிட்டு, ஏதோ செய்துவிட்டது போல உட்கார்ந்திருந்தேன். சன்னலுக்கு வெளியே தூறல் போட்டது. அங்கேயும் தூறும் என்று நினைத்தேன். ஈரமான பாதை, மூன்றாவது வளைவு, பின்பக்கம் மெல்ல—

இந்த வாக்கியத்தை அன்றும் நான் முடிக்கவில்லை. இன்றும் முடிக்கப்போவதில்லை. கதை எழுதுகிறவனுக்கு இதுதான் கேடு, எல்லாம் கண்முன் வந்துவிடும்.

பன்னிரண்டு மணி, ஒரு மணி, இரண்டு மணி. இருபத்து மூன்று தடவை அழைத்திருந்தேன்.

மூன்று பத்துக்கு அவளே அழைத்தாள்.

6

“அம்மாவுக்கு என்ன ஆச்சு?” என்றாள். மூச்சு வாங்கியது. டவர் உயிர் பெற்றதும் என் அழைப்புகள் அத்தனையும் ஒன்றாக அவள் போனில் வந்து கொட்டியிருக்கின்றன. ஏணியிலிருந்து பாதி குதித்து இறங்கியிருக்கிறாள்.

“அம்மா நல்லா இருக்காங்க. யாருக்கும் ஒண்ணும் இல்ல. அக்கா, வண்டியில எந்த லாக் போட்டிருக்க?”



“இதைக் கேக்கவா இத்தனை தடவை கூப்பிட்ட?”

“சொல்லுக்கா.”

“பொத்தான் வச்சது.”

மாமா சொன்னதைச் சொன்னேன். அவருக்கு லாக் என்றால் ஒன்றுதான், கதவுக்குப் போடுவது என்றாள். ஆனாலும் கதையைப் படித்துவிட்டுத்தான் முடிவு செய்தாளாம், அது பொய்யில்லை.

“தானா பூட்டிக்கிறதையே எடுத்துடலாம்னுதான்டா இருந்தேன். அதுல கம்ப்ரசர் இல்ல, காத்துக்குழாய் இல்ல, கெட்டுப்போறதுக்கு ஒண்ணும் இல்ல. உன் ஆளு யோசிக்கவே வேண்டாம்னு சொன்னான் பாரு, அந்த இடத்துல புத்தகத்தை மூடிட்டேன். முந்நூறு லிட்டர் டீசலை முதுகுல வச்சுக்கிட்டு யோசிக்காம எப்படிடா போறது?”

சிரித்தேன் என்று நினைக்கிறேன். டிவியை நிறுத்திவிட்டு அம்மா எட்டிப் பார்த்து, என்னடா கண்ணைத் துடைக்கிறாய் என்று கேட்டார். அக்கா பொத்தான் வச்ச லாக் வாங்கியிருக்காம்மா என்றேன். அதற்கு ஏன் அழுகிறாய் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் பசித்தது. ஆறிப்போன சோற்றை அடுப்படியில் நின்றுகொண்டே அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். ஒரு வாசகி என் பேச்சைக் கேட்காமல் போனதற்காக அவ்வளவு நிம்மதியாக நான் சாப்பிட்டதே இல்லை.

7

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், இனி இயந்திரங்களைப் பற்றி எழுதுவதில்லை என்று கதாசிரியன் சபதம் எடுக்கிறான். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பதே அதைப் பொய்யாக்கிவிடுகிறது.

இரண்டாவதில், பல்சக்கரம் மன்னிப்புக் கேட்கிறான். முயன்றேன், அவன் மசியவில்லை. உங்கள் அக்காவின் பாதை தெரியாமல் என்னை ஏன் பேச வைத்தீர்கள் என்று திருப்பிக் கேட்கிறான். நியாயம்தான். அதற்குமேல் அவனை வற்புறுத்தவில்லை.

மூன்றாவது, நடந்தது. அடுத்த சனிக்கிழமை காலை அக்கா என்னை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனாள். எழுதுகிறவன் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்றாள். சேறு வருமுன்பே வண்டியை நிறுத்தி, இறங்கி, காலால் தரையை அமுக்கிப் பார்த்தாள். ஏறி வந்து பொத்தானை அழுத்தினாள். கம்ப்ரசர் முனகியது, ஒரு சின்ன விளக்கு எரிந்தது. ட்ரக் அவசரமில்லாமல் சேற்றைக் கடந்தது. கடந்ததும் மறக்காமல் விடுவித்தாள். நான் மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு மேலே பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் குறுக்குவழி, சரிவு உண்டு. வலது பக்கம் சுற்றுவழி, இன்னும் சேறு. அக்கா எஞ்சினை நிறுத்தாமல் என்னைப் பார்த்தாள்.

“எந்தப் பக்கம் போகலாம், சொல்லு.”

இடது என்று சொன்னால் ஒரு கதை. வலது என்றால் இன்னொன்று. இரண்டுக்கும் நல்ல வரிகள் நாக்கு நுனியில் இருந்தன.

“எனக்குத் தெரியாதுக்கா.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டு கியர் போட்டாள்.

எந்தப் பக்கம் திருப்பினாள் என்பதை உங்களிடம் விடுகிறேன். ஈரம் எவ்வளவு, பாரம் எவ்வளவு என்று யோசித்து நீங்களே ஒரு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டோம். அதை மட்டும் உங்களிடம் விடுவதாக இல்லை.