பெயரின் இரண்டாவது எழுத்து

கரும்பலகையில் ஐந்து கோடுகளை நிதானமாக இழுத்துவிட்டு ஆசிரியை குவாபரா ஒதுங்கி நின்றாள். 生.

"அடியில இருக்கிற கோடு மண்ணு. அதைப் பொளந்துகிட்டு மேல வர்ற முளைதான் மத்ததெல்லாம். வாழுறதுக்கு எழுதினா 'இ'ன்னு வாசிக்கணும். பொறக்கிறதுக்கு 'உ'. சமைக்காத மீனுக்கு 'நாமா'. இன்னொரு எழுத்தோட சேர்ந்தா 'செய்', இல்லேன்னா 'ஷோ'."

"அட, இதா!" என்றார் பழைய இரும்பு வியாபாரி தொகுமாரு. "பீர்க்கடை வாசல்ல தொங்குமே! பீருன்னு அர்த்தம்னுல்ல இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"அங்க 'நாமா'. பீப்பாயிலிருந்து அப்படியே பிடிக்கிற பீர். 'ஆசிரியர்'னு எழுதினாலும் ரெண்டாவது எழுத்து இதுதான். 'மாணவர்'லயும் இதுதான்."

"அப்போ நீங்களும் நானும் பாதிக்குப் பாதி ஒண்ணு. வீட்டுப்பாடத்தையும் பாதி நீங்களே செஞ்சிடுங்க டீச்சர்."

ஒசாகாவின் அந்த மாலைப் பள்ளியில், பகலில் சிறுவர்கள் உட்காரும் நாற்காலிகளில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். யயோயி சிரிக்கவில்லை. அவள் பெயரின் இரண்டாவது எழுத்தும் அதுதான். அறுபதை நெருங்கும் வயதுவரை குழந்தைகளின் எளிய எழுத்தில் மட்டுமே தன் பெயரை எழுதத் தெரிந்தவள் அவள்.

"என் பேருல இது எப்படி 'யோயி' ஆச்சு?" என்று தயங்கிக் கேட்டாள்.

"அது அந்தப் பேருக்குன்னே இருக்கிற ஓசைங்க. வேற எங்கயும் அப்படி வராது."

வகுப்பு முடியும்வரை அவள் அந்த ஒரே எழுத்தை நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தாள்.

எழுதத் தெரியாததை மறைக்க அவளுக்கு ஒரு வழி இருந்தது. மருத்துவமனையோ நகர அலுவலகமோ, எங்கே போனாலும் வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு போவாள். "கையில காயம், கொஞ்சம் எழுதிக் கொடுங்களேன்" என்றால் யாரும் மறுப்பதில்லை. கட்டுப் போட்டுவிடுவது மகள் ரித்சுகோவின் வேலை. ஆரம்பப் பள்ளி நாட்களிலேயே பிசிறில்லாமல் சுற்றுவாள்.

ரித்சுகோவுக்கு நாராவில் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரின் குடும்பத்தில் சம்பந்தம் கூடியபோது, மீன் வடைத் தொழிற்சாலையில் இயந்திரத்தில் மாட்டி அம்மாவின் கை நரம்பு செத்துவிட்டது என்று மகளே அங்கே சொல்லி வைத்தாள். கல்யாண விருந்தில் யயோயி கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள். சம்பந்தியான அந்தத் தலைமையாசிரியர் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து, அவள் தட்டிலிருந்த இறைச்சியைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தார். "சிரமப்படாதீங்க, மெதுவா சாப்பிடுங்க" என்றார். அந்த மனிதரிடம் பொய்யால் வாங்கிய இரக்கம் அவளை உறுத்தியது. மறு வாரமே பள்ளியில் சேர்ந்தாள். மகளிடம் சொல்லவில்லை.

குளிர்காலத் தொடக்கத்தில் சம்பந்தி இறந்துபோனார்.

இரங்கல் பணம் வைக்கும் உறையின் மீது பெயரை வெளிறிய மையில்தான் எழுத வேண்டும். கண்ணீர் விழுந்து கரைந்த மை என்று கணக்கு. யயோயி மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு உறை பாழானது. இரண்டாவதில் பெயர் நேராக நின்றது. கையில் போடும் கட்டைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. துக்கத்துக்கு வருகிறவர்கள் வாசலில் பெயர் எழுதும் பதிவேட்டிலும் தன் கையாலேயே எழுத வேண்டும், அந்த மனிதருக்கு ஒரு தடவையாவது பொய்யில்லாத கையைக் காட்ட வேண்டும் என்ற நினைப்போடு நாராவுக்கு ரயில் ஏறினாள்.

துக்க வீட்டின் வரவேற்பு மேசையில் மாப்பிள்ளையின் சித்தப்பா மகள் சாவாகோ இருந்தாள். உறையை இரு கைகளாலும் வாங்கிப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"எவ்வளவு அழகான எழுத்து! யாருங்க எழுதினாங்க?"

யயோயி வாயைத் திறப்பதற்குள் ரித்சுகோ உள்ளேயிருந்து வேகமாக வந்துவிட்டாள். கறுப்புக் கிமோனோ. கண் முதலில் போனது அம்மாவின் வெறும் கைக்கு.

"அம்மாவோட பக்கத்து வீட்டுக்காரங்க எழுதிக் கொடுத்திருப்பாங்க அக்கா. அவங்க பழைய டீச்சர்."

"அதானே, எழுத்தே சொல்லுது. அவங்களுக்கு என் பாராட்டைச் சொல்லுங்க."

யயோயி தூரிகையை எடுத்திருந்தாள். பதிவேட்டின் வெள்ளைப் பக்கம் அவள் முன்னால் கிடந்தது. ரித்சுகோ அவள் விரல்களின் மேல் தன் விரல்களை வைத்து அழுத்தினாள்.

"கொடும்மா. நான் எழுதுறேன்."

"எனக்கு வரும்டி," என்றாள் யயோயி, உதட்டுக்குள். "கத்துக்கிட்டேன். உறையில இருக்கிறது நான் எழுதினது."

ரித்சுகோ அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தோஷம் ஏதும் தட்டுப்படுகிறதா என்று யயோயி தேடினாள்.

"இப்பவா கத்துக்கிட்டே?" ரித்சுகோ அவள் காதோரம் குனிந்தாள். "ரெண்டு வருஷமா இந்த வீட்ல உன் செத்துப்போன கையைப் பத்திப் பேசியிருக்கேன். மாமா உனக்குன்னு டாக்டரெல்லாம் விசாரிச்சார். இன்னிக்கு நீ இங்க எழுதினா, நான் யாரும்மா?"

பின்னால் வரிசை நின்றது. யாரோ இருமினார்கள்.

யயோயியின் விரல்கள் தளர்ந்தன. ரித்சுகோ தூரிகையை வாங்கி மளமளவென்று எழுதினாள். அந்த இரண்டாவது எழுத்தின் அடிக்கோட்டை, மண் என்று ஆசிரியை சொன்ன கோட்டை, மகள் அவசரத்தில் குட்டையாக இழுத்தாள். தானாக இருந்தால் இன்னும் நீளமாக இழுத்திருப்பேன் என்று யயோயிக்குத் தோன்றியது. எழுதியதை அவளால் வாசிக்க முடிந்தது.

மந்திர ஓதல் முடிந்து, மாடியில் சாப்பாடு. நீண்ட மேசைகளில், சோற்று உருண்டை மேல் மீன் வைத்த சுஷியும் பொரித்த காய்களும் இருந்தன. யயோயி வலது கையை மடியில் வைத்திருந்தாள். எதிரில் சாப்ஸ்டிக்ஸ் இருந்தன. எடுக்கவில்லை. ரித்சுகோ சமையல்கட்டுக்குப் போய் ஒரு கரண்டி வாங்கி வந்து, அம்மாவின் இடது பக்கமாக வைத்தாள். சுஷியைச் சிறிய துண்டுகளாக்கித் தட்டில் அடுக்கினாள்.

அழுது வீங்கிய கண்களோடு சம்பந்தியம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மக யாருக்கு வாய்க்கும், சொல்லுங்க," என்றாள்.

"ஆமாங்க," என்றாள் யயோயி.

இடது கையால் கரண்டியைப் பிடித்தாள். அது வழுக்கியது. சோறு மேசையில் சிதற, பக்கத்திலிருந்தவர்கள் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.