இடுப்பளவு ஊத்து

கமிட்டி என்று பத்துப் பேர் கூடிவிட்டால், யார் தலையிலோ மண் விழப்போகிறது என்று அர்த்தம். அந்த வருஷம் தை மாதம் அது எண்ணூர்க் கரையில் விழுந்தது. குப்பத்துக்கு வடக்கே ஒரு சவுக்குத் தோப்பு உண்டு, அங்கே.

ஜில்லா முழுக்க இருந்து அறுநூறு சாரணப் பையன்கள் வந்து நான்கு நாள் கூடாரம் அடிக்கப்போகிறார்களாம். கடைசி நாள் மாகாணத்துப் பெரிய துரையே வந்து அணிவகுப்பைப் பார்க்கப்போகிறாராம். இதற்காக ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் ஆறு மாதமாகக் கூட்டம் போட்டுப் பேசியிருந்தார்கள். ஒவ்வொரு ஊர்ச் சாரணப் படைக்கும் ஒரு வேலை என்று பங்கு. ராயபுரத்துக்கு வாசல் வளைவும் கொடிமரமும். வண்ணாரப்பேட்டைக்கு அடுப்பும் சோறும். பெரம்பூருக்குக் கூடாரம். எந்த ஊர்ப் பக்கம் முகாமோ அந்த ஊர்ப் படை தண்ணீர் தரவேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. அதனால் தண்ணீர் திருவொற்றியூர்ப் படைத் தலைவர் சுப்பராயனிடம் வந்தது.

மற்றவர்கள் பீப்பாய் வண்டி வைத்துக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரலாம் என்றார்களாம். சுப்பராயன் கேட்கவில்லை. "மணலில் மாடு இழுக்குமா? நான் கிணறே இறக்கிக் காட்டுகிறேன்" என்றாராம். சிறப்பாக வேலை செய்தவருக்குத் துரை கையால் பதக்கம் என்று ஒரு பேச்சு இருந்தது. பதக்கம் என்ற பேச்சு வந்தபிறகு எவன் காதில் எது ஏறும்?

இந்தச் செய்தியைக் குப்பத்துக்குக் கொண்டுவந்தவன் ஜெயவேல். கிணறு வெட்ட ஆள் கூப்பிட்டார்கள் என்று ஒத்துக்கொண்டு வந்திருந்தான். அவன் பெண்சாதி பவுனம்மாள் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெயரைக் கேட்டதும் அவள் கை நின்றது.

"யாரு? இன்னொருதபா சொல்லு."

"அவருதான். சுப்பராயன் சாரு."

"எத்தினி அடி வெட்றாரு?"

"பன்னெண்டு. சிமிட்டி உறை எறக்கி, மேல ரெண்டு கைப்பம்பு வெக்கிறாராம். சொல்லிறலாம்னு பாக்கறேன் பவுனு. சாரு, இந்த மண்ணுல இடுப்புக்குக் கீழ..."

"வாயத் தொறந்தே, வூட்டுப் பக்கம் வராதே."

அந்தக் கரையில் தண்ணீர் எடுக்க ஒரு முறை உண்டு. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் மாதிரி நிற்கும். இடுப்பளவு குழி எடுத்து, பெண்பிள்ளை ஒருத்தி அதில் இறங்கிக் குந்தி, ஊறுகிறதைக் கொட்டாங்கச்சியால் மொண்டு பானையில் ஊற்றுவாள். அதற்குப் பெயர் ஊத்து. நாலு பானை ஆனதும் அந்த ஊத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். வாளி விடக்கூடாது. ஆசைப்பட்டு ஆழமாக வெட்டி வேகமாக இறைத்தால் அடியில் இருக்கிற கடல் மேலே ஏறிவிடும். ஏறினால் அடுத்த மழை வரைக்கும் இறங்காது. அப்படி வெட்டியவனைப் பஞ்சாயத்தில் நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். குப்பத்தில் நடை பழகும் குழந்தைக்கும் இது தெரியும். புத்தகத்தில் இல்லாததால் சுப்பராயனுக்குத் தெரியாது.

"அறுநூறு புள்ளைங்க கீதே பவுனு. தவிச்சிப் போவுமே" என்றான் ஜெயவேல்.

"புள்ளைங்களுக்கு நான் குடுப்பேன். அவன் வந்து என் வாசல்ல நிக்கணும். நின்னுகினு, அன்னிக்கு யாரு பானைய ஒடைச்சேன்னு அவன் வாயால சொல்லணும். அவ்ளோதான்."

ஜெயவேல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். உடைந்த பானையில் குடித்தவன் அவனுக்கும் மகன்தானே.

ஒன்பது வருஷத்துக்கு முந்தி அவர்கள் மகன் வேம்பு, பள்ளிக்கூட வாத்தியாரான இந்தச் சுப்பராயனிடம் ஏழாவது படித்தான். குப்பத்திலிருந்து அவ்வளவு தூரம் படித்தவன் வேறு எவனும் இல்லை. சாரணப் படையிலும் சேர்ந்தான். விசில் கிடைத்ததும் ஒரு கறுப்பு நாய்க்குட்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு, நீட்டி ஒன்று, குறுக்கி இரண்டு ஊதினால் ஓடிவந்து எதிரில் குந்தவேண்டும் என்று பழக்கினான். குட்டி பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கூடவே போகும், சாயங்காலம் வரை அங்கேயே கிடக்கும்.

ஒருநாள் படையை மணலி ஏரிக்கரைக்கு நடத்திக்கொண்டு போனார் சுப்பராயன். குப்பத்துப் பையன் கையேந்தி நிற்க, வேறொருவன் ஊற்றவேண்டும், அதுதான் அங்கே நடைமுறை. வெயில் தாங்காமல் வேம்பு தானே பானையில் சொம்பை விட்டு மொண்டு குடித்துவிட்டான். சுப்பராயன் திட்டவில்லை, அடிக்கவில்லை. கையிலிருந்த கழியால் பானையை ஒரே தட்டுத் தட்டினார். நாற்பது பையன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "மீன் நாற்றம் கழுவினாலும் போகாது. புதுப் பானை வாங்கிக்கொண்டு வா" என்று இன்னொருவனை அனுப்பினார்.

வேம்பு கழுத்துத் துணியை அவிழ்த்து, மடித்து, அவர் காலடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். மறுநாள் பவுனம்மாள் பள்ளிக்கூட வாசலில் மத்தியானம் வரை நின்றாள். வாத்தியார் வெளியே வரவில்லை. பையன் அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடவில்லை. பதினாறு வயதில் ரங்கூன் கப்பல் ஏறினான். கடிதாசி இல்லை, போய்வந்தவர்கள் வழியாக ஒரு பேச்சும் இல்லை.

கிணறு வெட்டி முடிந்த அன்று பவுனம்மாள் மீன் கூடையோடு தோப்புக்குப் போனாள். சுப்பராயன் பம்பை அடித்து, வந்த தண்ணீரை உள்ளங்கையில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"மீனா? இங்கே சைவச் சாப்பாடு அம்மா. தள்ளிப் போ."

"தண்ணி எப்டி கீது சார்?"

"கல்கண்டு! இந்தக் கரையில் இத்தனை நாள் இருந்தீர்களே, ஒரு கிணறு வெட்டத் தெரிந்ததா உங்களுக்கு?"

அடையாளம் தெரிந்துகொண்டு முறைத்திருந்தால்கூட அவள் மனம் இவ்வளவு கொதித்திருக்காது. ஒன்பது வருஷம் அவள் தினமும் நினைத்த முகம் அது. அந்த முகத்துக்கு அவள் யாரோ மீன்காரி.

நேராகக் குப்பத்துக்கு வந்து பெண்களைக் கூட்டினாள். முகாம் தொடங்குவதற்குள் தெற்கே இருபது புது ஊத்து எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பானை கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். எதற்கு என்று பக்கத்து வீட்டுச் சிவந்தி கேட்டாள். "தாகம் வரப்போவுது" என்றாள் பவுனம்மாள்.

முதல் நாள் முகாமில் பம்பு நிற்கவே இல்லை. பட்டணத்துப் பையன்களுக்குப் பம்பு அடிப்பது விளையாட்டு. குளித்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் தண்ணீர் லேசாகக் கரித்தது. மூன்றாம் நாள் பருப்பு வேகவில்லை. நான்காம் நாள் காலை, வண்ணாரப்பேட்டைச் சமையல்காரர் நீலமேகம் காபியை வாயில் வைத்துத் துப்பினார்.

"டேய், எந்தப் பேமானிடா காபில உப்பக் கொட்டனவன்?"

ஒருவனும் கொட்டவில்லை. கிணற்றில் கடல் நின்றது.

பீப்பாய் வண்டிக்கு ஆள் ஓடியது. வண்டி வந்தது, ஆனால் ரோட்டை விட்டு இறங்கியதும் அச்சு வரைக்கும் மணலில் புதைந்து நின்றது. துரை வர இரண்டு மணி நேரம்தான் இருந்தது. வாசல் வளைவு கட்டி ஜோடித்தாகிவிட்டது, கொடி ஏற்றத் தயார். பையன்களுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது எவனோ தெற்கே குப்பத்தில் நல்ல தண்ணீர் தருகிறார்கள் என்று சொல்லிவிட்டான். பத்துப் பேர் ஓடினார்கள், பிறகு நூறு பேர். பிறகு படையை அடக்க ஆளில்லை. பெண்கள் ஒவ்வொருவனுக்கும் கொட்டாங்கச்சியில் மொண்டு கொடுத்தார்கள், முறை வைத்து, ஊத்து மாற்றி மாற்றி. பவுனம்மாள் ஒன்றே ஒன்று சொல்லிவைத்திருந்தாள்.

"வர்ற புள்ள குடிக்கலாம். ஆனா பானை தோப்புக்குப் போவக்கூடாது."

அதனால் ஒரு பையனும் தண்ணீரை விட்டுத் திரும்பிப் போகவில்லை. வெயிலில் போய் மறுபடி வறண்டு நிற்க அவனுக்கு என்ன பைத்தியமா? துரை வரும் நேரத்துக்கு தோப்பு மைதானத்தில் கொடிமரம் மட்டும் நின்றது.

சுப்பராயன் வந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. ஊத்துகளைச் சுற்றிக் குந்தியிருந்த பையன்களைப் பார்த்ததும் விசிலை எடுத்தார். நீட்டி ஒன்று, குறுக்கி இரண்டு. படை கூடு என்று அர்த்தம்.

ஒரு பையனும் எழுந்திருக்கவில்லை. வலைக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு கிழட்டுக் கறுப்பு நாய் எழுந்தது. ஒரு கண் பூத்துப்போன நாய். தட்டுத் தடுமாறி வந்து அவர் எதிரில் நேராகக் குந்தியது. பையன்கள் சிரித்துவிட்டார்கள்.

"பாத்தியா, உன் பேச்ச கேக்க ஒண்ணாவது வந்திச்சே" என்றாள் பவுனம்மாள்.

"அம்மா, இருபது பானைத் தண்ணீர் மைதானத்துக்கு வேண்டும். துரை வருகிற நேரம். என்ன கேட்டாலும் தருகிறேன்."

"குடுக்கறேன். ஒம்போது வருசத்துக்கு மின்னே மணலி ஏரிக்கரைல ஒரு பானைய ஒடைச்சே. யாரு குடிச்ச பானை?"

அவர் விழித்தார்.

"ஆமாம்... ஏதோ... தப்புதான் அம்மா. மன்னிச்சுக்கோ."

"இன்னா தப்பு? பேரு சொல்லு."

"முனு... முனுசாமியா?"

பவுனம்மாள் சிரித்தாள். சிவந்திக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பயமாக இருந்ததாம்.

"நெனப்பு வர்ற வரிக்கும் ஊத்துல எறங்கி மொள்ளு. மெதுவா மொள்ளு, கலக்காதே. பேரு வந்திச்சின்னா இருபது பானையும் கெளம்பும். இல்லாங்காட்டி நீயே போய் தொரைக்கு அணிவகுத்துக் காட்டு."

வேறு வழி? காக்கி டிராயரும் பளபளக்கிற பித்தளை வாரும் போட்ட மனிதர் கழியை மேட்டில் வைத்துவிட்டுக் குழியில் இறங்கிக் குந்தினார். அறுநூறு பையன்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். கொட்டாங்கச்சியில் ஒரு வாய் ஊறுவதற்குள் கால் மரத்துப்போகும். அவசரப்பட்டால் மணல் கலங்கும். கலங்கியதை ஒவ்வொரு தடவையும் பவுனம்மாள் கொட்டச் சொன்னாள்.

"ஐயோ அம்மா, நேரம் ஆகிறது!"

"என் புள்ளைக்கும் நேரம் ஆச்சி. ஒம்போது வருசம்."

முக்கால் பானை நிறைந்தபோது ரோட்டுப் பக்கம் மோட்டார் சத்தம் கேட்டது. ராயபுரத்துக்காரன் ஒருவன் மூச்சு வாங்க ஓடிவந்தான். "சார், துரை வந்துட்டாரு! மைதானத்துல ஆளே இல்ல சார்!"

சுப்பராயன் நிமிர்ந்தார். குழி விளிம்பில், அவர் முகத்துக்கு நேராக அந்த நாய் இன்னும் குந்தியிருந்தது, அடுத்த விசிலுக்குக் காத்துக்கொண்டு. அதையே பார்த்தார். கையிலிருந்த கொட்டாங்கச்சி சாய்ந்து தண்ணீர் சிந்தியது.

"இந்த நாய்... பள்ளிக்கூட வாசலில் கிடக்கும். குட்டியாக இருந்தது." அவர் குரல் இறங்கிவிட்டது. "வேம்பு. அவன் பேர் வேம்பு."

"கத்திச் சொல்லு. புள்ளைங்களுக்குக் கேக்கல."

"வேம்பு குடித்த பானை. நான்தான் உடைத்தேன்."

"எதுக்கு?"

அவர் குனிந்து கொட்டாங்கச்சியை மறுபடி ஊத்தில் விட்டார்.

"எதுக்குன்னு கேட்டேன்."

"மீன் நாற்றம் என்று சொல்லி."

பவுனம்மாள் கையைத் தூக்கினாள். இருபது பெண்கள் இருபது பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தோப்பைப் பார்த்து நடந்தார்கள். பையன்கள் எழுந்து அவர்கள் பின்னால் போனார்கள். திருவொற்றியூர்ப் படை மட்டும் தலைவருக்காக நின்றது.

"நீயும் குடி. தவிச்சிகினு கீறே" என்றாள்.

அவர் குழியிலிருந்து ஏறி வந்தார். அவரே மொண்ட பானை. இரண்டு கையாலும் தூக்கி, வாய் வைத்து, கழுத்தில் வழியக் குடித்துக் கீழே வைத்தார். பவுனம்மாள் மேட்டிலிருந்த அவர் கழியை எடுத்தாள். ஒரே தட்டு. பானை நாலாகப் போனது. அவர் மொண்ட தண்ணீர் அவர் செருப்பிலேயே ஓடியது.

"புதுப் பானை வாங்கியா" என்று கழியை அவர் கையில் கொடுத்தாள்.

சுப்பராயன் மைதானத்துக்குப் போனாரா, நேராக வீட்டுக்குப் போனாரா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பதக்கம் ராயபுரத்துக்குப் போனது, வாசல் வளைவுக்கு. ஜெயவேல் உடைந்த பானை ஓடுகளைப் பொறுக்கப்போனான்.

"கெடக்கட்டும்" என்றாள் பவுனம்மாள். "போறவன் வர்றவன் மிதிச்சிகினு போவட்டும்."

அதற்கு மூன்றாம் நாள் திருவொற்றியூரிலிருந்து ஒரு வண்டிக்காரன் வந்து புதுப் பானை ஒன்றை வாசலில் இறக்கினான். யார் கொடுத்தது என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. நல்ல பானைதான், தட்டினால் கணீர் என்றது. பவுனம்மாள் அதன் கழுத்தைக் கல்லால் தட்டி எடுத்து, அடிப்பாகத்தை மணலில் பதித்து, கறுப்பு நாய்க்குத் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.